வீடு வளவு விற்கப் போகிறீர்களா? விளம்பரம் கொடுப்பதற்கு முன்...

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்று சொல்லி வைத்த எமது முன்னோர்கள், வீட்டை விற்றுப் பார் என்று சொல்லவில்லை. அது எவ்வளவு சிரமமான காரியம் என்பதை இன்று எம்மில் பலர் அனுபவத்தில் அறிந்து வருகிறோம். மகளின் திருமணம், மகனின் படிப்பு, வைத்தியச் செலவு, தீராத கடன், பிள்ளைகள் வேறு ஊரில் குடியேறியமை எனக் காரணங்கள் பல. போருக்குப் பின்னர் குடும்பத்தைத் தனியாகச் சுமந்து வரும் பெண்கள், தமது பெயரில் உள்ள ஒரேயொரு சொத்தான வீடு வளவை விற்கும் முடிவுக்கு வருகிறார்கள்.

பெண் தனியே நின்று விற்கிறாள் என்று தெரிந்தவுடன், "வீடு பழசு, உறுதி சரியில்லை, இந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள்" என்று சொல்லிச் சொல்லியே விலையைக் குறைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களின் பேச்சுக்கு மறுமொழி சொல்ல வாய்ச்சாமர்த்தியம் தேவையில்லை. முன்கூட்டிய ஆயத்தம் இருந்தால் போதும். பத்திரம் ஒழுங்காகவும், வீடு துப்புரவாகவும், விளம்பரம் தெளிவாகவும் இருந்தால் நல்ல கொள்வனவாளர் தாமாகவே தேடி வருவார். இன்றைக்கே முடிக்க வேண்டும் என்ற நெருக்குதலுக்கு நீங்களும் பணிய வேண்டி இராது.

விற்கத்தான் வேண்டுமா?

விளம்பரம் கொடுப்பதற்கு முன்னர் ஒரு தாளை எடுத்து, எவ்வளவு பணம் எதற்காகத் தேவை என்று எழுதுங்கள். தேவைப்படும் தொகை வீட்டின் பெறுமதியில் சிறு பகுதிதான் என்றால் வளவின் ஒரு துண்டை மட்டும் பிரித்து விற்கலாமா, வீட்டை வாடகைக்குக் கொடுக்கலாமா என்றும் யோசியுங்கள். நுண்கடன் தவணைக்காக வீட்டை விற்க முனைபவர்கள், தவணையை நீட்டித் தருமாறு முதலில் எழுத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். விற்ற பின்னர் எங்கே குடியிருப்பது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் வரை விற்பனைப் பேச்சைத் தொடங்க வேண்டாம்.

வாங்குபவர் முதலில் பார்ப்பது பத்திரத்தை

சுவருக்கு நிறம் பூசுவதற்கு முன்னர் பெட்டியில் உள்ள பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். உறுதி, நில அளவையாளரின் வரைபடம், காணிப் பதிவகத்தில் எடுத்த தோம்புப் பிரதி, சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு, மின்சாரப் பட்டியல் என்பன ஒரே கோவையில் இருக்க வேண்டும். வங்கிக் கடன் எடுத்து வாங்குபவராயின், பிரதேச சபை அல்லது நகர சபை தரும் வீதிக்கோட்டுச் சான்றிதழையும், காணியைச் சபை பொறுப்பேற்கவில்லை என்பதற்கான சான்றிதழையும் வங்கி கேட்கும். இவற்றை முன்னரே எடுத்து வைத்திருக்கும் வீட்டுக்கு வாங்குபவர் மத்தியில் தனி மதிப்பு உண்டு.

இடம்பெயர்வில் உறுதி தொலைந்தவர்கள் மனம் தளர வேண்டாம். உறுதி எழுதிய நொத்தாரிசு அதன் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். உறுதி இலக்கம், எழுதிய ஆண்டு, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றில் தெரிந்ததைக் கொண்டு சென்றால் அங்கே தேடுவித்து, அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம்.

உங்கள் காணி எவ்வகையானது என்பதையும் அறிந்து கொள்ளுங்கள். வன்னியில் பல குடும்பங்களிடம் இருப்பது உறுதிக் காணி அல்ல, அனுமதிப்பத்திரக் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட இத்தகைய காணிகளை மற்றக் காணிகளைப் போல விற்க முடியாது. ஆகவே முதலில் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் கேட்டறியுங்கள். அனுமதி இல்லாமல் வெள்ளைத் தாளில் எழுதிக் கைமாற்றினால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பின்னர் வழக்கும் மனஸ்தாபமும்தான் மிஞ்சும்.

காணி சகோதரர்களுடன் பிரிபடாத பங்காக இருந்தால், தேசவழமையின்படி பங்காளிகளுக்கு முன்கொள்வனவு உரிமை உண்டு. அதாவது, வெளியாருக்கு விற்பதற்கு முன்னர் வாங்கும் வாய்ப்பை அவர்களுக்கு வழங்க வேண்டும். இதற்கான அறிவித்தலை 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடுப்பதற்கு நொத்தாரிசின் உதவியைப் பெறுங்கள். பங்காளிக்கு அறிவிக்காமல் விளம்பரம் போட்டால், வாங்க வந்தவர் அதைக் கேள்விப்பட்டதும் ஒதுங்கி விடுவார்.

கணவரின் கையொப்பம்

வடக்கில் தேசவழமைக்கு உட்பட்ட பெண்களுக்கு இது முக்கியமான விடயம். திருமணமான பெண் தனது சீதனக் காணியை விற்பதற்கும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் விதித்தது. கணவர் கைவிட்டுச் சென்றிருந்தால், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சிறையில் இருந்தால், அவர் இருக்குமிடம் தெரியாவிட்டால், அல்லது நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்து அவரது சம்மதம் இல்லாமலே விற்க அனுமதி பெறும் வழியும் அதே சட்டத்தில் உண்டு. இச்சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக எழுந்து வந்துள்ளது. ஆதலால் உறுதி எழுதும் வேளையில் நடைமுறை என்ன என்பதை உங்கள் நொத்தாரிசிடம் கேட்டுத் தெளியுங்கள். மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்களுக்குத் தேசவழமை பொருந்தாது. அவர்கள் தமது பெயரிலுள்ள காணியைக் கணவரின் கையொப்பம் இன்றியே விற்கலாம்.

கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால் காணி யார் பெயரில் உள்ளது என்பதை முதலில் பாருங்கள். உங்கள் பெயரில் என்றால் மேற்சொன்ன நீதிமன்ற வழி இருக்கிறது. கணவரின் பெயரில் என்றால் விடயம் வேறு. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்துக்கு 2016இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம், மரணச் சான்றிதழ் பெற விரும்பாத குடும்பங்கள் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் பெற வழி உண்டானது. ஆனால் அச்சான்றிதழ் கையில் இருப்பதால் மட்டும் காணியை விற்றுவிடலாம் என்று எண்ண வேண்டாம். சட்டத்தரணியிடம் கேட்காமல் அடி எடுத்து வைக்காதீர்கள். கணவர் இறந்துவிட்ட குடும்பங்களில் அவரது சொத்தில் பிள்ளைகளுக்கும் பங்கு வரும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் பங்கை விற்பதற்கு நீதிமன்ற அனுமதி தேவை.

இவற்றுக்குப் பணம் இல்லையே என்று கவலைப்படுபவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட இவ்வாணைக்குழுவின் அலுவலகங்கள் யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு உட்படப் பல மாவட்டங்களில் இயங்குகின்றன. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கு இலவச ஆலோசனை கிடைக்கும்.

சிறு செலவில் பெரிய மாற்றம்

விற்பதற்காகக் கடன் வாங்கி வீட்டைப் புதுப்பிக்க வேண்டாம். புதிய மாபிளுக்கும் விலையுயர்ந்த நிறப்பூச்சுக்கும் போட்ட பணம் முழுவதும் திரும்பி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வாங்குபவர் தம் விருப்பப்படி மாற்றத்தான் போகிறார். கையில் உள்ள சிறு பணத்தைப் பின்வரும் ஒழுங்கில் செலவிடுங்கள்.

முதலாவது கூரை. உடைந்த ஓட்டை மாற்றி ஒழுக்கை நிறுத்துங்கள். இரண்டாவது மலசலகூடம். கதவுக்குக் கொண்டி, ஓடும் தண்ணீர், நன்றாகத் தேய்த்துக் கழுவிய நிலம் ஆகியவை போதும். மூன்றாவது கிணறு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீடு பார்க்க வருபவர் அநேகமாக முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். கிணற்றை இறைத்துச் சேறு வாரி, கட்டைச் சுற்றியுள்ள பாசியை உரஞ்சி விடுங்கள். நல்ல தண்ணீர் என்றால் அதைப் பரிசோதித்து அறிக்கை எடுத்து வைப்பது பெரும் பலம். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களில் இதனைக் கேட்கலாம். சவர்த் தண்ணீர் என்றால் அதை ஒளிக்க வேண்டாம், குடிதண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

அடுத்தது சுவர். சிறிதளவு நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்தால் பழைய அறைகளும் வெளிச்சமாகும். சன்னம் பட்ட துளைகளைச் சீமெந்து கொண்டு அடைக்கலாம். ஆனால் செல் விழுந்த அதிர்வில் சுவரில் நீண்ட வெடிப்பு இருந்தால் அதன்மேல் நிறம் பூசி மறைக்காதீர்கள். அனுபவமுள்ள மேசன் சுவரைத் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்து விடுவார். ஒன்றை மறைத்தீர்கள் என்று தெரிந்தால் மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம் வரும். நல்லதொரு மேசனிடம் காட்டி, திருத்த என்ன செலவாகும் என்று ஒரு மதிப்பீட்டைக் கேட்டு எழுதி வையுங்கள். "இந்த வெடிப்புக்காக ஐந்து இலட்சம் குறையுங்கள்" என்று ஒருவர் கேட்கும்போது, உண்மையான செலவு உங்கள் கையில் இருக்கும்.

கடைசியாக வளவு. வேலியில் விழுந்த கதியாலை மாற்றி, படலை இலகுவாகத் திறக்கச் செய்து, முற்றத்தைக் கூட்டி, குப்பை கூளங்களை அகற்றுங்கள். காணியின் எல்லைக் கற்கள் நான்கும் வெளியே தெரிய வேண்டும். உங்கள் பகுதியில் முன்னர் கண்ணிவெடி அகற்றப்பட்டிருந்தால், அது பற்றிய விபரத்தைப் பிரதேச செயலகத்தில் கேட்டு வைத்திருங்கள். வாங்குபவர் கட்டாயம் கேட்பார்.

சுவரில் மாலையிட்ட படங்கள் எம்மில் பலரது வீடுகளில் இருக்கின்றன. வீடு பார்க்க ஆட்கள் வரத் தொடங்குவதற்கு முன்னர் அவற்றை நீங்களாகவே எடுத்துப் பத்திரமான ஓரிடத்தில் வையுங்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் அறிமுகமில்லாத ஒருவர் அந்தப் படத்தைக் காட்டிக் கேள்வி கேட்பதும், உங்கள் துயரத்தை அறிந்து விலையைக் குறைக்க முனைவதும் வேண்டாத விடயங்கள்.

படம் எடுக்கும்போது

இன்று வைபரிலும் வட்ஸ்அப்பிலும் படம் அனுப்பித்தான் பேச்சு தொடங்குகிறது. வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்காக இங்கே வீடு தேடுபவர்கள் படத்தைப் பார்த்தே நேரில் வருவதா இல்லையா என்று முடிவெடுக்கிறார்கள். கைத்தொலைபேசியே போதும். காலை வெயில் ஏறுவதற்கு முன்னர் அல்லது மாலையில் எடுங்கள். யன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து விடுங்கள். தொலைபேசியைக் குறுக்காகப் பிடித்து, அறையின் மூலையில் நின்று எடுத்தால் அறை முழுவதும் தெரியும்.

படலையுடன் வீட்டின் முன்புறம், ஒழுங்கை, கிணறு, விறாந்தை, அறைகள், குசினி, மலசலகூடம், பின்வளவு என்ற ஒழுங்கில் 8 அல்லது 10 படங்கள் போதுமானவை. கொடியில் காயும் உடுப்பு, கட்டிலில் குவிந்த துணி என்பவற்றை அகற்றுங்கள். பிள்ளைகளின் முகம், அடையாள அட்டை, உறுதியின் பக்கங்கள் எதுவும் படத்தில் வரக்கூடாது. பத்து ஆண்டுகளுக்கு முன்னர் எடுத்த அழகான படத்தைப் போடாதீர்கள். நேரில் வருபவர் ஏமாற்றத்துடன் திரும்புவார்.

விளம்பரத்தில் என்ன எழுதுவது?

பத்திரிகையில் சிறு விளம்பரமாக வந்தாலும், இணையத்தில் போட்டாலும், கடைச் சுவரில் ஒட்டினாலும் சொற்கள்தான் முதலில் பேசுகின்றன. பலரும் எழுதுவது இப்படித்தான்:

"காணி வீடு அவசர விற்பனைக்கு. அழகான வீடு, நல்ல சூழல். விலை பேசித் தீர்மானிக்கலாம்."

இதில் வாங்குபவருக்குத் தேவையான ஒரு தகவலும் இல்லை. "அவசர" என்ற ஒரு சொல்லே விலையைக் குறைத்துவிடும். அதே வீட்டை இப்படி எழுதலாம்:

"கோண்டாவிலில் 3 பரப்புக் காணியுடன் கல்வீடு விற்பனைக்கு. 2 அறை, விறாந்தை, குசினி, ஓட்டுக்கூரை, மலசலகூடம். சொந்த நன்னீர்க் கிணறு, மின்சாரம் உண்டு. காய்க்கும் தென்னை 6, மா 1. பலாலி வீதியிலிருந்து 400 மீற்றர், வான் வரக்கூடிய ஒழுங்கை. கிழக்கு வாசல். உறுதி, வரைபடம், தோம்பு தயார். பின்னறைக் கூரை திருத்த வேண்டும். நேரில் பார்க்க மாலை 3 முதல் 5 வரை."

இது ஓர் உதாரணம் மாத்திரமே. உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக் கொள்ளுங்கள். "அழகான" என்ற சொல்லுக்குப் பதிலாக எண்ணையும் தூரத்தையும் எழுதுங்கள். பாடசாலை, வைத்தியசாலை, பஸ் தரிப்பிடம் எவ்வளவு தூரம் என்பதைச் சேர்க்கலாம். கிணறு பங்குக் கிணறு என்றால் "கிணற்றுப் பங்கு, வழி வாய்க்கால் உரித்து உண்டு" என்று எழுதுங்கள். மாரியில் முற்றத்தில் தண்ணீர் நிற்குமென்றால் அதைக் கேட்பவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு குறையை நீங்களாகவே சொல்லும்போது மற்ற விபரங்களில் அவருக்கு நம்பிக்கை ஏற்படுகிறது.

வெளி மாவட்டத்தவருக்குப் பரப்புக் கணக்கு விளங்காது. 1 பரப்பு என்பது 10 பேர்ச், 16 பரப்பு 1 ஏக்கர். எனவே "3 பரப்பு, 30 பேர்ச்" என்று இரண்டையும் போடுவது நல்லது.

தனியே வசிக்கும் பெண்கள் வீட்டு இலக்கத்தை விளம்பரத்தில் போட வேண்டாம். ஊரின் பெயர் போதும். தொடர்புக்கு நம்பிக்கையான ஓர் உறவினரின் தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

விலையை எப்படித் தீர்மானிப்பது?

தரகர் சொல்லும் விலையை மட்டும் நம்ப வேண்டாம். உங்கள் ஒழுங்கையிலும் பக்கத்து ஊரிலும் அண்மையில் விற்ற காணிகள் பரப்பு என்ன விலைக்குப் போயின என்று நாலு பேரிடம் விசாரியுங்கள். வசதியிருந்தால் மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்தில் மதிப்பீடு பெறுங்கள். பின்னர் இரண்டு விலைகளை முடிவு செய்யுங்கள். ஒன்று நீங்கள் கேட்கும் விலை. மற்றது இதற்குக் கீழே விற்பதில்லை என்ற விலை. இரண்டாவதைத் தரகரிடமும் சொல்லக்கூடாது. தரகுப் பணம் எவ்வளவு, எப்போது கொடுப்பது என்பதை முதலிலேயே எழுத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

வாங்க வருபவர் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவராக இருந்தால் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி எழுதுவதைத் தடை செய்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அத்தடை இல்லை. யார் பெயரில் உறுதி எழுதப் போகிறார்கள் என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே கேட்டால், மாதக்கணக்கில் காத்திருந்து ஏமாற வேண்டியதில்லை.

பார்க்க வருபவர்கள்

பகல் வேளையில் மட்டும், முன்கூட்டியே நேரம் சொல்லி வரச் செய்யுங்கள். அப்போது சகோதரரோ, அயல் வீட்டு அக்காவோ, மாதர் சங்கத் தோழியோ உங்களுடன் இருக்கட்டும். அவர்களைச் சுதந்திரமாகச் சுற்றிப் பார்க்க விடுங்கள். கேட்டதற்கு மறுமொழி சொன்னால் போதும், உங்கள் கடனையும் கஷ்டத்தையும் சொல்ல வேண்டியதில்லை. "ஏன் விற்கிறீர்கள்?" என்று கேட்டால் "பிள்ளைகளுக்குக் கிட்டப் போகப் போகிறோம்" என்பது போன்ற, உண்மையான, சுருக்கமான விடையைச் சொல்லுங்கள்.

மூல உறுதியை எவர் கையிலும் கொடுத்து விடாதீர்கள். நிழற்பிரதியைக் கொடுங்கள். மூலத்தைப் பார்க்க வேண்டும் என்றால் நொத்தாரிசின் அலுவலகத்தில் உங்கள் முன்னிலையில் பார்க்கட்டும். வெற்றுத் தாளில் கையொப்பம் இடவே கூடாது.

முற்பணமும் உறுதியும்

வாய்ப்பேச்சிலும் சாதாரண துண்டிலும் முற்பணம் வாங்குவது எம்மவர் வழக்கம். ஆனால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனைக்கான உடன்படிக்கை நொத்தாரிசின் முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்பட்டாலன்றிச் செல்லுபடியாகாது. முற்பணத் தொகை, மீதியைச் செலுத்தும் திகதி, வீட்டை விட்டு வெளியேறும் திகதி, முத்திரைச் செலவு யாருடையது என்பன அதில் இருக்க வேண்டும்.

உறுதியில் குறைந்த விலையை எழுதி, மிகுதியைக் கையில் தருகிறோம் என்று சிலர் கேட்பார்கள். அந்த மிகுதியைத் தராமல் விட்டால் உங்களிடம் எந்த அத்தாட்சியும் இருக்காது. முழு விலையும் உறுதியில் இருக்கட்டும். பணம் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வரட்டும். பணம் கணக்கில் சேர்ந்ததை வங்கியில் உறுதிப்படுத்திய பின்னரே உறுதியில் கையொப்பமிடுங்கள். உறுதியின் பிரதி ஒன்றைக் கேட்டுப் பெற்றுக் கொள்ளுங்கள். வீட்டைக் கையளிக்கும் நாளில் மின்மானியின் அளவைக் குறித்து, இருவரும் ஒப்பமிடுங்கள்.

சகோதரிகளே, இவ்வளவும் செய்து முடிக்க இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். அந்தக் காலம் வீண் அல்ல. பத்திரக் கோவை கையில் இருக்கும்போது, குறைந்த விலை கேட்பவரிடம் "இல்லை, இன்னும் பார்ப்போம்" என்று நிதானமாகச் சொல்ல உங்களால் இயலும். விற்கும் எண்ணம் இன்று இல்லாதவர்களும் இந்த வாரமே பெட்டியைத் திறந்து உறுதியை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, வரைபடம் இருக்கிறதா, காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்பதை இப்போதே அறிந்து வைத்தால், நாளை விற்பதென்றாலும் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பதென்றாலும் பிறர் தயவை நாடி நிற்க வேண்டி வராது.